யூனிஃபார்மை நனைப்பது சேட்டை இல்லை!

‘ஸ்கூல் டாய்லெட் நாறுது’ என்று மாலை வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் பலர். அடக்கி அடக்கியே இடுப்புத்தளத் தசைகள் இறுகி, கழிக்கும்போதும் தளர மறுக்கலாம். மலம் தேங்கினால் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்தும். விளைவு? தன்னையறியாமலே உள்ளாடை நனையும். ‘ஏழு வயசாச்சு, இன்னுமா?’ என்று திட்டினால் சரியாகாது.

தீர்வு என்ன? முதலில் குழந்தைகள்நல மருத்துவரைப் பாருங்கள். மலச்சிக்கலுக்கு மருந்து, 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை டாய்லெட், வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் ஊன்ற ஸ்டூல் என்று தொடங்குவார்கள். தேவைப்பட்டால், தசையைத் தளர்த்த பிசியோதெரபிஸ்ட் பழக்குவார். வயிறு நிறைய மூச்சு இழுத்து விடுவதும் அதில் ஒரு பயிற்சி.

ஆனால், பயிற்சி வீட்டோடு முடிவதில்லை. வகுப்பில் கை தூக்கும் பிள்ளையை ‘பீரியட் முடியட்டும்’ என்று உட்காரவைப்பதைப் பள்ளிகள் நிறுத்த வேண்டும்.