குப்பை நமக்கு, கலை அவங்களுக்கா?

சுற்றுச்சூழல் பற்றிப் பொது இடத்தில் கலை செய்யக் கலைஞர்கள் தேவை என்கிறார்கள். உதவித்தொகையும் உண்டாம். ஆனால் விண்ணப்பம் இங்கிலீஷில். கண்காட்சிப் பட்டியல் வேணுமாம். அங்கேயே சேரிக்குக் கதவு சாத்தியாச்சு.

நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூக்கலீஸ் என்ற பெண் 1977இல் நகரத் துப்புரவுத் துறையின் கலைஞரானார், சம்பளமில்லாமல். 1979-80இல் துப்புரவுத் தொழிலாளர் 8,500 பேரைத் தேடிப்போய், கைகுலுக்கி நன்றி சொன்னார். அதுவே படைப்பு. தீட்டு பார்க்கிற நம்ம ஊரில் கைகொடுப்பது பெரிய சங்கதிதான், மறுக்கவில்லை. ஆனால் கைகொடுப்பவர்தான் கலைஞர், குப்பை அள்ளுபவர் வெறும் பாடுபொருள் என்றால் எனக்குப் போதாது.

சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். 2000 முதல் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் இருந்த சனங்களைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் போட்ட இடம். 2020இல் அதன் சுவர்களில் பேர்பெற்ற ஓவியர்கள் பிரம்மாண்டமாய் வரைந்தார்கள், வெளிநாட்டிலிருந்தும் வந்தார்கள். சுவர் நம்முது. தூரிகை யாருது?

பிளெக்ஸ் வந்து பிழைப்பைப் பறிகொடுத்த பேனர் ஓவியர்கள் நம்ம தெருவிலேயே இருக்காங்க. நாற்பதடி முகத்தைக் கட்டம் போட்டு வரைஞ்ச கை அது. சான்றிதழ்தான் இல்லை.

நான் கேட்பது சலுகை இல்லை. அறிவிப்பு தமிழில் வரட்டும். வாயால் சொன்னாலும் விண்ணப்பமாக ஏற்கட்டும். பெயிண்டுக்கும் கூலிக்கும் முன்பணம் தரட்டும். தேர்வுக் குழுவில் குப்பை அள்ளுகிற பெண் உட்காரட்டும். எது சுற்றுச்சூழல்னு முதலில் அவ சொல்லட்டும்.