யூனிஃபார்ம் கட்டாயம்னா, பில்லை யார் கட்டுறது?



அரசுப் பள்ளியில யூனிஃபார்ம் கட்டாயமா இருக்கணுமா? ஃபைனான்ஸ் பேசுற இடத்துல இது எதுக்குன்னு தோணலாம். ஆனா இதுவும் ஒரு பட்ஜெட் கேள்விதான். என் பதிலை முதல்லயே சொல்லிடுறேன்: இருக்கணும். ஆனா கட்டாயப்படுத்துறவங்களே அதுக்குப் பணமும் தரணும்.

யூனிஃபார்ம் போட்டா மார்க் ஏறும், ஒழுக்கம் வந்துடும்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன். வீட்டுச் செலவா மட்டும் பாருங்க. கலர் டிரஸ்ல வாரம் 5 நாள் போகணும்னா, ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பப் போட முடியாது. பக்கத்து பெஞ்சுல கேட்டுடுவாங்க. யூனிஃபார்ம்னா ரெண்டு மூணு செட்டைத் துவைச்சுப் போட்டே வருஷத்தை ஓட்டிடலாம், யாரும் கேட்க மாட்டாங்க. டிரஸ் கோட் இல்லாத ஆபீஸ்ல சேர்ந்த பிறகு உங்க துணிச் செலவு எவ்வளவு ஏறுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. சம்பளம் வாங்குற நமக்கே அந்த அழுத்தம் இருக்குன்னா, 12 வயசுப் பிள்ளைக்கு?

"யூனிஃபார்ம் ஏற்றத்தாழ்வை மறைக்குது, ஒழிக்கல"ன்னு சிலர் சொல்றாங்க. உண்மைதான். செருப்புலயும் பையிலயும் அது தெரியத்தான் செய்யும். ஆனா தினமும் கண்ணுல படுற ஒரு வித்தியாசம் குறையுதுன்னா, அது நல்ல டீல்தான்.

இப்போ பில்லுக்கு வருவோம். தமிழ்நாட்டுல சத்துணவுத் திட்டத்துல இருக்கிற 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே இலவசமா சீருடை தருது. ஒரு செட்டா இருந்தது, 2012-13 கல்வியாண்டுல இருந்து 4 செட் ஆச்சு. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கிறாங்க. அதாவது, இந்தச் செலவுல ஒரு பங்கு நம்ம ஊர்ப் பெண்களுக்கே கூலியா திரும்பி வருது. அளவு சரியில்லாம வந்தா பிரிச்சுத் தைக்கிற செலவு பெத்தவங்க தலையிலதான். அதையும் சரி பண்ணணும்.

ஆனா பெரிய ஓட்டை 9-ஆம் வகுப்புல இருக்கு. இலவசம் 8-ஓட நின்னுடுது, கட்டாயம் நிக்கல. கணக்குக்காக, துணியும் தையல் கூலியும் சேர்த்து ஒரு செட் 900 ரூபாய்னு வச்சுக்குவோம். 9-லயும் 11-லயும் படிக்கிற ரெண்டு பிள்ளைக்கு, ஆளுக்கு 2 செட்னா 3,600 ரூபாய். மாசம் 15,000 வர்ற வீட்டுக்கு அது ஒரு மாச வருமானத்துல கிட்டத்தட்ட கால்வாசி. அதுவும் நோட்டு, ஷூ, பஸ் செலவு எல்லாம் வரிசை கட்டி நிக்கிற ஜூன் மாசத்துல. நமக்கு அது ஒரு வார ஸ்விக்கி, ஜொமாட்டோ பில். அவங்களுக்குக் கந்துவட்டிக் கடனா மாறலாம். படிப்பை நிறுத்தலாமான்னு வீட்ல பேச்சு எழுற வயசும் அதுதான்.

"என் டாக்ஸ் பணத்துல எவ்வளவுதான் இலவசம் தருவீங்க?"ன்னு கேட்பீங்க. சரி, பேசலாம். தனியார் பள்ளியில கட்டுற ட்யூஷன் ஃபீஸுக்கு, பழைய வரி முறையில 1.5 லட்ச ரூபாய் மொத்த வரம்புக்குள்ள, ரெண்டு பிள்ளைகள் வரைக்கும் கழிவு உண்டு. அதுல மிச்சமாகுற வரியும் அரசு விட்டுக்கொடுக்குற பணம்தான். அதை நாம இலவசம்னு சொல்றதில்ல, டாக்ஸ் பிளானிங்னு சொல்றோம். அந்த 15,000 ரூபாய் வீடும் வரி கட்டுது. கடையில பில் போட்டு ரெடிமேட் சட்டை எடுத்தா அவங்களுக்கும் ஜிஎஸ்டி உண்டு.

அதனால என் கருத்து இதுதான்: இலவசச் சீருடையை 12-ஆம் வகுப்பு வரைக்கும் நீட்டிக்கணும். அது முடியாதுன்னா, 9-க்கு மேல யூனிஃபார்ம் இல்லைங்கிறதுக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கு வெளியில நிறுத்தக் கூடாது.

அதுவரைக்கும் நாம ஒண்ணு செய்யலாம். வர்ற ஜூனுக்கு முன்னாடி உங்க ஊர் அரசுப் பள்ளி தலைமையாசிரியர்கிட்டயோ, பள்ளி மேலாண்மைக் குழுகிட்டயோ ஒரே கேள்வி கேளுங்க: "9-ஆம் வகுப்புல யாருக்கு யூனிஃபார்ம் வேணும்?" உங்க மாச எஸ்ஐபி-ல ஒரு சின்னப் பங்குதான் ஆகும். ரிட்டர்ன் எந்த ஆப்லயும் காட்டாது, ஆனா அந்தப் பிள்ளை முதல் நாளே தலை நிமிர்ந்து வகுப்புக்குள்ள போகும்.