காயும் கனியும்: ஓர் இரவல் வினா

தக்காளி காயா, கனியா? பள்ளிப் போட்டிகளிலும் சிறுவர் இதழ்களிலும் ஓயாது எழுப்பப்படும் வினா இது. 'காயன்று, கனியே' என்னும் பிள்ளை கைதட்டல் பெறுகிறது. இவ்வினாவோ தமிழில் பிறந்ததன்று; ஆங்கிலத்தில் பிறந்து தமிழுடை உடுத்து வந்தது.

ஆங்கிலத்தில் இஃது உண்மையான சிக்கலே. அங்குப் 'புரூட்டு' என்பது, நிலைத்திணையியற்படி, பூவின் சூற்பை முதிர்ந்து விதை தாங்குவது. 'வெசிட்டபிள்' என்பதோ சமைத்துண்ணும் இலை, தண்டு, கிழங்கு, காய் அனைத்தும். ஒன்று அறிவியல் வகுப்பு. மற்றொன்று அடுக்களை வகுப்பு. 1883ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் வெசிட்டபிளுக்கு 10 விழுக்காடு வரி விதித்தது, பழத்திற்கு வரியில்லை. தக்காளி பழமே என்று வணிகர் வழக்காடினர். நிலைத்திணையியற்படி அது பழமே எனினும், மக்கள் வழக்கில் வெசிட்டபிளே என்று 1893இல் அந்நாட்டுத் தலைமை அறமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழில் இவ்வழக்கிற்கே இடமில்லை. காயும் கனியும் ஒரே பொருளின் இரு நிலைகள். காய்த்தது காய், கனிந்தது கனி, பழுத்தது பழம். ஒரே வெள்ளரிக் கொடியில் பிஞ்சும் காயும் பழமும் பறித்து, மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி விற்கிறாள் ஊர்ப்புறத்துப் பெண். பழுக்குமுன் சிவந்தது செங்காய். பிஞ்சிலும் மாவிற்கு வடு, பலாவிற்கு மூசு, வாழைக்குக் கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை எனச் சொற்கள் உள. தொல்காப்பிய மரபியலும் நிலைத்திணை உறுப்புகளுள் காயையும் பழத்தையும் அடுத்தடுத்து வைத்துள்ளது.

இவ்வளவு நுண்மையுடைய மொழியில், வெசிட்டபிள் என்பதற்குக் 'காய்' என்று பெயர்த்ததே குழப்பத்தின் வேர். அப்பெயர்ப்பால் மண்ணுள் விளையும் முள்ளங்கியும் காயாயிற்று, கீரையும் காயாயிற்று. காய்கறி என்னும் சொல்லோ, காயையும் பிற கறியையும் பிரித்தே காட்டுகிறது. ஈழத்தமிழர் நாளும் வழங்கும் 'மரக்கறி' என்னும் நற்சொல்லும் உளது.

எனவே, வெசிட்டபிளுக்கு மரக்கறி என்றோ காய்கறி என்றோ எழுதுக. காயைக் காய்க்கே விடுக. தக்காளி காயா கனியா என வினவும் பிள்ளைக்குத் தமிழாசிரியர் கூறவேண்டிய விடை எளிது: பச்சையாய் இருக்கையில் காய், பழுத்தபின் கனி. வடுவும் மூசும் கச்சலும் அப்பிள்ளையின் நாவில் ஏறட்டும். சொல் திரிந்தால் கருத்தும் திரியும். சொல் மறைந்தால் அதனைக் கண்டறிந்த முன்னோர் அறிவும் உடன் மறையும்.