கிடாருக்கு முன் பெட்டிக்கு ஒதுக்குவோம்

இசைக்கருவி குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்க நாம் இங்கு முனையவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளைக்குச் செமி ஹாலோ எலக்ட்ரிக் கிடார் வாங்குவதென முடிவாகிவிட்டால், பெட்டிக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்போம்.

இவ்வகைக்கு முன்மாதிரி, 1958இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-335. அதன் உடல் 16 அங்குல அகலம்; கனமோ 2 அங்குலத்திற்கும் குறைவு. சாதாரண எலக்ட்ரிக் கிடாரின் பெட்டியில் அது நுழையாது. அக்கூஸ்டிக் கிடாரின் பெட்டியிலோ உள்ளே ஆடும். நடுவே கட்டை ஓடினாலும் இருபுறமும் வெற்றிடம், மேற்பலகை மெல்லியது. சிவகாசியில் பட்டாசுத் தொழிலுக்கு வரமான அதே வறண்ட வெயில் மரத்தை வற்றச் செய்யும். அதைத் துணியுறையில் இட்டு விருதுநகர்ப் பேருந்தின் நெரிசலில் கொண்டுபோவது வீண்விரயமே. விரயம் கூடாதென்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லையே!

கருவியையே கடைக்கு எடுத்துச் சென்று, பெட்டியில் கிடத்தி, மூடிப் பார்த்து வாங்குங்கள்.