பைசாவைத் தின்னும் ஃப்ளோட்

பி.காம். படிக்கிறவனுக்கு சி மொழி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பேரேட்டில் ஒரு பைசா இடித்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுகிற கூட்டத்துக்குத்தான் அது ரொம்ப அவசியம்.

வகுப்பில் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வங்கிக் கணக்கு விவரங்களை ஒரு ஸ்ட்ரக்சரில் போட்டு, எஃப்ரைட் மூலம் பைனரி ஃபைலாகச் சேமிக்க வேண்டும். இருப்புத் தொகைக்கு என்ன டேட்டா டைப்? புள்ளி வருகிறதே, அப்ப ஃப்ளோட்! வினையே அங்குதான் ஆரம்பம்.

ஃப்ளோட்டுக்கு 4 பைட். எண்ணைத் துல்லியமாக வைக்க அதில் கிடைப்பது 24 பிட்தான். தொகை 1,31,072 ரூபாயைத் தாண்டியதும் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஒன்றரைப் பைசாவுக்கும் மேல் இடைவெளி விழுந்துவிடுகிறது. 1,50,000.01 என்று சேமித்துத் திரும்பப் படித்துப் பாருங்கள், 1,50,000.02 என்று வரும்! 1,67,77,217 ரூபாயைப் போட்டால் அந்தக் கடைசி ஒரு ரூபாயே காணாமல் போகும். பாவம், ஃபைல் மேல் குற்றமில்லை. ஃப்ளோட்டில் போட்ட நொடியிலேயே காசு போய்விட்டது. டெக்ஸ்ட் ஃபைல் என்றால் திறந்து பார்த்தாவது கண்டுபிடிக்கலாம். பைனரி ஃபைலை நோட்பேடில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும்.

டபுள் போட்டால் சரியாகிவிடுமா? தவறு வெளியே தெரிய நாளாகும், அவ்வளவுதான். பத்துப் பைசாவை, அதாவது 0.10-ஐ, டபுளாலும் மிகச் சரியாக எழுத முடியாது.

பணத்தைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகச் சேமிப்பதுதான் ஒழுங்கான வழி. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 32 பிட் இன்ட்டில் அதிகபட்சம் 2,14,74,836 ரூபாய் 47 காசுதான் அடங்கும். ஊரில் ஒரு மொத்த வியாபாரியின் வருட விற்பனையே இதைத் தாண்டிவிடும். ஆக 64 பிட் தேவை. அதற்காக லாங் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், விண்டோஸில் 4 பைட். லேபில் லினக்ஸில் எழுதிய ஃபைலை வீட்டில் விண்டோஸில் திறந்தால் முதல் ஆள் பணத்தில் பாதி இரண்டாவது ஆள் கணக்கில் ஏறியிருக்கும் :) அளவைப் பெயரிலேயே சொல்லிவிடும் இன்ட்64_டி என்ற வகை 1999-ல் வந்த சி தரத்திலேயே இருக்கிறது.

வியாபாரத்துக்கென்றே 1959-ல் உருவாக்கத் தொடங்கிய கோபோல், பணத்தைத் தசம எண்ணாகவே வைத்துக்கொள்ள வழி செய்து கொடுத்தது. அதைப் பழசு என்று கேலி செய்துகொண்டே ஃப்ளோட்டில் வட்டி போடச் சொல்லித்தருவதுதான் வேடிக்கை. அந்தப் பயிற்சியில் 'ஃப்ளோட் பேலன்ஸ்' என்ற ஒரே ஒரு வரியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்?