எல்லைக்கோட்டருகே நிற்கும் ஊர்

திருப்பெரும்புதூர் வட்டத்து மண்ணூரையும் அதன் அண்டை அயலையும் உலகறியச் செய்தவை ஆலைகள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மகிழுந்துகள் வெளிவரத் தொடங்கின. கண்ணாடி, கைப்பேசி, டயர், சரக்குந்து, மோட்டார் சைக்கிள் என ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னர் வந்தன. ஒரகடமும் சுங்குவார்சத்திரமும் வல்லம் வடகாலும் வரைபடத்தில் பெரிய எழுத்தைப் பெற்றன. இத்தனையும் செய்யத் தெரிந்த நிலத்தில், பெயரைச் சொன்னால் பிற மாவட்டத்தார் நிமிர்ந்து பார்க்கும் பள்ளிக் கால்பந்து அணி ஒன்று எழுந்ததாக நம் செவிக்கு எட்டவில்லை. சிறு குறைதானே என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைகள் மாலைப்பொழுதை எங்கே, யாருடன், யாருடைய கண்பார்வையில் கழிக்கின்றனர் என்பதைக் கொண்டு ஓர் ஊரின் நலத்தை அளந்துவிடலாம்.

காரணம் கேட்டால் மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. திடல் இல்லை, பணம் இல்லை, ஷிப்ட் வேலையில் அலையும் தந்தையர்க்கு நேரம் இல்லை. இம்மூன்றையும் தூக்கிக்கொண்டு நாம் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்குச் செல்வோம்.

ஒரு பக்கம் அரபிக்கடல். மறுபக்கம் அனந்த விக்டோரியா மார்த்தாண்ட வர்மா கால்வாய். இரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய மீனவ ஊர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. வீடு கட்டவே இடம் போதாத கரை அது. அங்குள்ள ஆடவர் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்பெற்றவர்கள். கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார்கள். நம் தந்தையர் இரவு ஷிப்ட் முடித்துக் காலையிலேனும் வீடு வந்து சேர்கின்றனர். அவர்களுக்கு அதுவும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது அவ்வூர்களில் பலர் கரை திரும்பவே இல்லை.

ஆயினும் தமிழ்நாட்டுக் கால்பந்து என்றவுடன் அறிந்தோர் நினைவுக்கு முதலில் வரும் பெயர்களுள் தூத்தூர் ஒன்று. சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே அணிகளில் ஆடி, 2019இல் இந்திய அணியின் சட்டையையும் அணிந்த மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைப் பிள்ளை. அவர் ஒருவரோடு அக்கதை தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. ஆட்டம் அங்கே பங்கின் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது. தேவாலயத்தை அடுத்த மணல்வெளி, ஊருக்கொரு மன்றம், விழாக்காலப் போட்டி, ஆடி ஓய்ந்த அண்ணன்மார் என்று அப்பின்னலுக்கு இழைகள் பல. தந்தை கடலில் இருக்கும் வாரங்களில் பிள்ளையின் ஆட்டத்தைக் கண்காணிக்க அடுத்த வீட்டுப் பெரியவர் இருக்கிறார். தன் காலத்தில் இடப்புறம் ஓடி ஆடியவர் அவர். இடதுகாலை எப்படி ஊன்றுவது என்பதைக் கோட்டருகே நின்று கூவிச் சொல்வார். பயிற்றுநர் என்ற பட்டம் அவருக்கு இல்லை. அவரைப் போன்ற நூறு பேர் நின்ற இடத்தில் ஒரு நல்ல பயிற்றுநர் வந்து நின்றால் அணி தானே எழுந்துவிடும்.

வடசென்னை வியாசர்பாடிக்குக் கடற்காற்றும் இல்லை, பங்கு மன்றமும் இல்லை. குடிசைகளும் குறுகிய தெருக்களும் அவப்பெயரும் சூழ்ந்திருந்த அப்பகுதியில் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் முல்லை நகர்த் திடலில் சிறுவர்களைக் கூட்டிப் பந்தைக் கொடுத்தனர். அவர்கள் அமைத்த சங்கம் ஒரு கால் நூற்றாண்டாக நிற்கிறது. நாம் வியப்பது அவர்கள் கற்றுத்தந்த ஆட்ட நுணுக்கத்தையன்று. பள்ளிக்குப் போகாதவனுக்குத் திடலில் இடமில்லை என்ற நெறியையும், ஆட்டம் முடிந்தபின் நடக்கும் மாலைப் பாடத்தையுமே வியக்கிறோம். பிள்ளை வராத நாளில் வீடு தேடிப் போய்க் கேட்கும் ஆள் ஒருவர் உண்டு என்று தாய்மார் நம்பினர். அந்த நம்பிக்கையே பிள்ளைகளை மறுநாளும் அனுப்பிவைத்தது. அதே வடசென்னையில் பந்தாடி வளர்ந்த நந்தகுமார் சேகர் இந்திய அணி வரை சென்றார். செல்லாத நூற்றுக்கணக்கானோர் படிப்பை முடித்தனர், வேலைக்குப் போயினர். அவர்களைப் பற்றி எந்த நாளேடும் எழுதாது. அத்திடலின் மெய்யான கணக்கு அவர்களே.

கடலூரின் செய்தி இன்னும் கனமானது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற கரைகளில் எஞ்சிய பெண்குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு மாரியப்பன் என்ற பயிற்றுநர் பந்தாடக் கற்பித்தார். இந்துமதி கதிரேசன், சுமித்ரா காமராஜ் போன்றோர் அவ்வழியே வந்தவர்கள். அரசுக் காப்பகத்தில் வளர்ந்த சந்தியா ரங்கநாதனும் கடலூர் தந்த ஆட்டக்காரரே. 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, பெண்கள் கால்பந்தில் தன்னிகரற்று விளங்கிய மணிப்பூரை இறுதியாட்டத்தில் 2–1 என வென்று தேசிய வாகை சூடிற்று. 2023இல் அமிர்தசரசில் அரியானாவை அதே கணக்கில் வென்று மீண்டும் சூடிற்று. இந்த இரு கோப்பைகளின் அடியில் கடலூரின் மணல் ஒட்டியிருக்கிறது. பெண்பிள்ளை அரைக்கால் சட்டை அணிவதா என்று முகம் சுளித்த உறவினரிடம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை பேசி வென்றாக வேண்டியிருந்தது. அந்த ஆட்டங்களில் எதற்கும் நடுவர் விசில் ஊதியதில்லை.

பணம் இருந்தால் எல்லாம் கூடும் என்போர்க்கு அமெரிக்கத் தெக்சாசிலிருந்து ஒரு செய்தி சொல்லலாம். (அவர்கள் கால்பந்து என்று அழைப்பது பெரும்பாலும் கையால் ஆடப்படுவது; பெயர் வைப்பதில் அவர்களுக்கு எப்போதுமே துணிவு அதிகம்.) ஆலன் என்ற நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்காக 2012இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் அமரும் அரங்கம் கட்டினர். கட்டி இரண்டு ஆண்டு ஆகுமுன்னரே கற்காரையில் விரிசல் கண்டு 2014இல் அரங்கம் மூடப்பட்டது. தன் அரங்கில் ஓர் ஆட்டமும் ஆட இயலாத அந்த ஆண்டிலும் அப்பள்ளியே மாநில வாகை சூடியது. கட்டடம் மூடிக்கிடந்தது, பயிற்றுநரும் பிள்ளைகளும் வெள்ளி மாலைதோறும் உடன்சென்று ஆர்ப்பரிக்கும் ஊராரும் அப்படியே இருந்தனர். ஊர்ப்பற்று அளவு மீறினால் பதினேழு வயதுச் சிறுவன் தோளில் ஒரு நகரின் மானத்தையே ஏற்றிவிடும் என்பதும் அந்நாடு அறிந்த உண்மையே. அத்தீங்கு நம்மை அண்ட இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது.

ஆலை இருக்கும் இடத்தில் ஆட்டம் வளராது என்பதும் பொய். இலண்டன் வூல்விச்சில் படைக்கல ஆலைத் தொழிலாளர் 1886இல் தொடங்கியதே ஆர்சனல். ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆலைத் தொழிலாளர்க்கென 1913இல் எழுந்தது பி.எஸ்.வி. நம் நாட்டில் 1987இல் ஜாம்ஷெட்பூரில் டாட்டா கால்பந்துப் பயிற்சிக் கழகம் அமைந்தது. இந்திய அணிக்கு ஆட்டக்காரர்களை அது அனுப்பிக்கொண்டே இருந்தது. ஆனால் எச்சரிக்கையும் அதே ஏட்டில் உண்டு. முதலாவது தேசியக் கால்பந்து லீக்கை வென்ற பக்வாராவின் ஜே.சி.டி. ஆலை அணி 2011இல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு மகிந்திரா யுனைடெட் கலைந்தது. ஆட்டம் தோற்றுக் கலைந்த அணிகளல்ல அவை. நிருவாகக் கூட்டத்தின் தீர்மானத்தால் கலைந்தவை. 2014இல் நோக்கியா ஆலை கதவடைத்தபோது இத்தாலுகா கண்டது என்ன என்பதை நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய அணி நிறுவனத்தோடு போய்விடும். ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் தாங்கிய அணியே இங்கு நமக்கு வேண்டும்.

அப்படி ஒன்று எழத் தடையாயிருப்பவை எவை? முதல் தடை, இப்பகுதி இன்னும் ஊராகத் திரளவில்லை என்பது. நிலம் விற்றவர், நிலம் இல்லாதிருந்தவர், தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர், ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து ஓரறையில் ஆறு பேராகத் தங்குபவர் எல்லாரும் ஒரே கடையில் தேநீர் குடிக்கின்றனர். ஒருவர் பெயர் மற்றவர்க்குத் தெரிவதில்லை. கபடியும் கைப்பந்தும் கிரிக்கெட்டும் ஊறிய மண் இது. கால்பந்து இங்குப் பழக்கம் குறைந்த ஆட்டம். ஆனால் வங்கமும் ஒடிசாவும் சார்க்கண்டும் அசாமும் கால்பந்து தழைத்த நிலங்கள். ஞாயிற்றுக்கிழமை காலி மனையில் செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து ஆடும் வடபுலத்து இளைஞரைக் காணும்போது, இவர்களுள் ஒருவரையேனும் நம் பள்ளிப் பிள்ளைகளோடு ஆட அழைத்தோமா என்ற கேள்வி எழுகிறது. வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. அத்தனை இளம்பெண்களுள் பள்ளிப் பருவத்தில் பந்தாடியவர் ஒருவருமா இல்லாதிருப்பர்? வாரத்தில் ஒரு மாலை அவர்கள் இப்பகுதிச் சிறுமியர்க்குக் கற்றுத்தர வழி செய்தால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

இரண்டாவது தடையைச் சொல்ல நாணமாக இருக்கிறது. ஆயினும் சொல்லியாக வேண்டும். ஊர்த்தெரு அணி ஒன்று, காலனி அணி ஒன்று என்று பிரிந்து நின்று பொங்கல் போட்டி நடத்துவது நம் சிற்றூர்களுக்குப் புதிதன்று. சில இடங்களில் இறுதியாட்டம் முடிந்தபின் காவல்துறை வர நேர்கிறது. இருதெருப் பிள்ளைகளும் ஒரே சட்டை அணிய இயலும் இடம் அரசுப் பள்ளியின் அணி மட்டுமே. எட்டெழுத்து மந்திரத்தைக் கோபுரத்தின் மேல் நின்று எல்லார்க்கும் உரைத்தார் எனப் போற்றப்படும் இராமாநுசர் பிறந்த மண்ணில், ஒரு பந்தை எல்லார்க்கும் உருட்டிவிட இவ்வளவு தயக்கம் கூடாது.

மூன்றாவது தடை அரசின் வாசலில் கிடக்கிறது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கியது சென்னையில்தான். நூறாண்டு கழிந்தும், உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் என்றால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற மனப்போக்கே நம்மிடம் நிலவுகிறது. ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் அவரை வருகைப் பதிவேட்டுக்கும் விழா வரவேற்புக்கும் பிரம்பு பிடிக்கவும் பயன்படுத்துகிறோம். பி.டி. பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்குவதும், வாங்கிய கடனைத் திருப்பித் தராததும் ஊரறிந்த வழக்கம். விளையாட்டுத் துறை அமைச்சராக உதயநிதி ஸ்டாலின் 2023இல் அவ்வாறு கடன் வாங்க வேண்டாமென்று வெளிப்படையாகவே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஊராட்சிதோறும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு வந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் நடக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் மூட்டையை அவிழ்த்துப் பந்தில் காற்றடித்து நாலரை மணிக்குத் திடலுக்கு எடுத்துவரும் மனிதர் இல்லையேல் அது அலமாரிப் பொருளாகிவிடும்.

நல்ல பயிற்றுநர் ஒருவர் ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை விடாமல் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளை காலையில் உண்ணாமல் வருகிறது, எவன் வீட்டில் குடி புகுந்திருக்கிறது, எவள் திடீரென ஏன் நின்றுவிட்டாள் என்பனவெல்லாம் அவர் அறிந்திருக்க வேண்டும். பதினோரு பேரைத் தேர்ந்தபின் பன்னிரண்டாமவனிடம் என்ன சொன்னார் என்பதைக் கொண்டே நாம் அவரை அளப்போம். அடித்துத்தான் ஆட்டம் வரும் என்று நம்புகிறவர் எத்தனை கோப்பை கொணர்ந்தாலும் பள்ளி வளாகத்துக்குத் தகுதியற்றவர். இவ்வளவையும் மூன்றாண்டுக்கொரு மாறுதலும், பதினொரு மாத ஒப்பந்தமும் பெறுகிறவரிடம் எதிர்பார்ப்பது முறையாகுமா?

பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறித்த அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஊரகத்து விளையாட்டுப் பயிற்சியும் அதன் ஏழாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. இத்தொகையிலிருந்து ஒருநாள் விழாவும், பெயர் பொறித்த பனியனும், பதாகையின்முன் நிழற்படமும் போதும் என்று இருந்துவிடலாகாது. ஐந்து பள்ளிகள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை. அதில் பத்தாண்டுக்குப் போதுமான வைப்புத்தொகை. அதன் வட்டியிலிருந்து இரண்டு பயிற்றுநர், அவர்களுள் ஒருவர் பெண். ஆலை நாளை இடம்பெயர்ந்தாலும் பயிற்றுநர் சம்பளம் நிற்காது. ஒரு பெரிய ஆலையின் முகப்புப் புல்வெளியைப் பேணும் செலவைவிட இது மிகுதியாக இராது என்று நினைக்கிறோம்.

திடலைப் பற்றி ஒரு சொல். ஏரி வற்றினால் ஏரிக்குள் ஆடுவதும், நிரம்பினால் வீட்டில் இருப்பதுமாகவே இப்பகுதிப் பிள்ளைகள் காலம் கழிக்கின்றனர். மந்தைவெளியும் களத்துமேடும் மனைப்பிரிவுகளாகிவிட்டன. எஞ்சிய புறம்போக்கு வெளிகளையேனும் ஊராட்சிகள் கிராமசபையில் தீர்மானம் இயற்றி விளையாட்டுக்கென ஒதுக்கிவிட வேண்டும். அடுத்த தொழிற்பேட்டைக்கு நிலம் கையகப்படுத்தப்படும்போது சாலைக்கும் வடிகாலுக்கும் இடம் விடுவதுபோல் திடலுக்கும் இடம் விடுமாறு சிப்காட் நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் திருப்பெரும்புதூர் வட்டத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் காலியாக உள்ள உடற்கல்வி ஆசிரியர் இடங்களைப் பள்ளிக் கல்வித்துறை நிலையான நியமனத்தால் நிரப்ப வேண்டும். மண்ணூரிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் பெற்றோரிடம் நாம் கேட்பது அதனினும் எளிது. இந்த வாரம் உங்களுக்குக் காலை ஷிப்டாயின், ஒரு மாலை வீட்டுக்குப் போகுமுன் பள்ளித் திடலுக்குச் சென்று எல்லைக்கோட்டருகே அரைமணி நேரம் நில்லுங்கள். ஆடுவது உங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும் நில்லுங்கள்.