நஞ்சுக்கொடிக்கு மூணு நிமிஷம் கொடுங்க, மூணு நாள் கொடுக்காதீங்க

1/ "தொப்புள்கொடியை வெட்டாதீங்க, தானா காஞ்சு விழட்டும், அதுதான் இயற்கை"ன்னு ஒரு வீடியோ மறுபடியும் சுத்துது. தேவாரம், போடி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்தாச்சு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கு. மீதி ஆளைக் கொல்லும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்றேன்.

2/ முதல்ல உண்மை. குழந்தை வெளியே வந்ததும் அதோட ரத்தத்தில் சுமார் மூணில் ஒரு பங்கு இன்னும் நஞ்சுக்கொடியில்தான் இருக்கும். உடனே க்ளாம்ப் போட்டா அது அங்கேயே தங்கிடும். 1 முதல் 3 நிமிடம் பொறுத்தா 80-100 மில்லி வரை குழந்தைக்குப் போய்ச் சேரும்.

3/ அந்த ரத்தத்தோட இரும்புச்சத்தும் போகுது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. முதல் ஆறு மாசம் பிள்ளை இந்தச் சேமிப்பை வெச்சுத்தான் ஓட்டணும். தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57% பேருக்கு ரத்தசோகை (தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21). விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற தாயோட பிள்ளைக்கு ஒவ்வொரு சொட்டும் கணக்கு.

4/ ஒரு நிமிடத்துக்கு முன்னால வெட்ட வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். குழந்தை மூச்சு விடலைன்னாலோ, தாய்க்கு ரத்தப்போக்குன்னாலோ மட்டும் முடிவு மாறும்.

5/ அதனால பிரசவ அறையில் இருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: "கூட்டமா இருக்கு, அடுத்த கேஸ் காத்திருக்கு" என்பதெல்லாம் காரணமே இல்லை. இதுக்கு மருந்து வேண்டாம், மிஷின் வேண்டாம். சுவத்துல கடிகாரம் இருந்தா போதும்.

6/ இப்போ பொய். கொடியில் துடிப்பு நின்னதும் நஞ்சுக்கொடியோட வேலை முடிஞ்சது. அதுக்கப்புறம் அது ரத்த ஓட்டமில்லாத சதை. நம்ம வெயிலில் அது என்ன ஆகும்னு கறிக்கடைக்காரரைக் கேளுங்க. அதைப் பச்சைப்பிள்ளையின் தொப்புளோட கட்டிவைக்கிறது கிருமிக்கு வழி விடுறது.

7/ தாய்க்கு ஆபத்து இன்னும் பெருசு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடுது. நஞ்சு முழுசா விழுந்து கர்ப்பப்பை சுருங்கினாத்தான் அது நிக்கும். அதுக்குத்தான் பிரசவமானதும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் ரத்தம் கொட்டும். மலையிலிருந்து 108 இறங்கி வர்ற வரைக்கும் அது காத்திருக்காது.

8/ 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தாங்க. ரத்தப்போக்கில் ஓர் ஆசிரியை இறந்துபோனார். அடுத்த மாசமே நம்ம போடி பக்கம் கோடாங்கிபட்டியில் வீட்டுப் பிரசவம். கொடியை வெட்ட வந்த சுகாதாரத்துறையினரை குடும்பத்தார் தடுத்தாங்க. தூரத்துக் கதை இல்லைங்க இது.

9/ "எங்க பாட்டி காலத்துல...?" பாட்டிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியும் கொடியை வெட்டத்தான் செஞ்சாங்க. நஞ்சை மண்ணில் புதைச்சாங்க, பிள்ளை பக்கத்துல படுக்க வைக்கலை. அப்போ வெட்டின கருவி சுத்தமில்லாம எத்தனையோ பிள்ளைங்க ரணஜன்னியில் போச்சு. தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் வந்துதான் 2015-ல் அதை ஒழிச்சோம்.

10/ பிரசவத்துக்குப் போறவங்க, கூடப் போற அம்மா, மாமியார், புருஷன் எல்லாரும் இதைக் கேளுங்க: "சிஸ்டர், பிள்ளை நல்லா அழுதா ஒரு நிமிஷம் கழிச்சுக் கொடியை வெட்டுங்க." சிசேரியனா இருந்தாலும் கேளுங்க. இது சலுகை இல்லை, பிள்ளையோட சொந்த ரத்தம். வீடியோ போடுறவர் உங்க வீட்டுப் பிரசவத்துக்கு வந்து நிக்கப் போறதில்லை.